பாம் கேட்டால் தைலம்: மருந்துக்கடையில் ஒரு முக்கால் மணி நேரம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வாரப் பயணத்துக்கென்று நான் எழுதி வைத்திருந்த வங்கி வேலை, பத்திர வேலை, பல் மருத்துவர் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்னை எழுத உட்கார வைத்திருப்பது, காய்ந்து எரிந்த முகத்தோடு ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நான் நின்ற முக்கால் மணி நேரம்தான்.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் என்பதால், நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது முகம் இழுத்துப் பிடிப்பது எனக்குப் பழகிய ஒன்று. இந்த முறை மூக்கின் இரு பக்கமும் செதில் செதிலாக உரிந்து, கன்னங்கள் சிவந்து, வெறும் தண்ணீர் பட்டாலே சுருக்கென்றது. நான் வாழும் குளிர்நாட்டில் ஆண்டில் பாதி நாள் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். அந்த வறண்ட காற்றுக்குப் பயந்து, மூலிகைப் படம் போட்ட அழகான டப்பாவில் வரும் ஒரு பாமை, அதாவது கெட்டியான முகக் களிம்பை, இரண்டு ஆண்டுகளாக முகத்தில் பூசி வந்தேன். அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால், அதைப் போன்ற இன்னொன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

"முகத்துக்குப் போடுகிற பாம் வேண்டும்" என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் நின்ற தம்பி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு தலைவலித் தைலத்தை எடுத்து வைத்தான். பாம் என்றால் நம்மிடம் நெற்றியில் தேய்ப்பது என்ற ஒரே பொருள்தான் உண்டு என்பதை இத்தனை ஆண்டு வெளியே இருந்ததில் மறந்துபோயிருந்தேன். தலைவலிக்கு இல்லை, முகத் தோலுக்கு என்று விளக்கியதற்கு, "முகத்துக்கும் போடலாங்க்கா, சில்லுன்னு இருக்கும்" என்றான். அந்தச் சில்லிப்பு, குளிரை உணரும் நரம்புகளைத் தைலத்திலுள்ள மெந்தால் ஏமாற்றித் தூண்டுவதால் வருவது; தோலின் சூடு அதனால் தணிவதில்லை. ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும் தோலில் மெந்தாலும் கற்பூரமும் பட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

அடுத்ததாக வந்தது ஒரு சிறிய டியூப். "இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல போயிரும்" என்று சொன்ன அந்த நம்பிக்கைதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. திருப்பிப் பார்த்தால், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் குளோபெட்டசால் என்று இருந்தது. ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிக வீரியமான வகை அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் வாழும் நாட்டில் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். சிவப்பு இரண்டே நாளில் அடங்கிவிடும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முகத் தோல் மெல்லியது. அங்கே இத்தகைய களிம்பைத் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும், சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு போன்ற கொப்புளங்கள் கிளம்பும், நிறுத்திய உடனே பழைய சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். இதையெல்லாம் நான் சொன்னபோது அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக ஒரு சிவப்பழகு கிரீமை எடுத்து வைத்தான். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

என் சிறுவயதில் மருந்துக்கடைக்காரர் "யாருக்கு, எத்தனை நாளா?" என்று கேட்ட பிறகே அலமாரிப் பக்கம் திரும்புவார். அந்தக் கேள்வி எங்கே போனது என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வெளியேறப் போன நேரத்தில், கடையின் பின்கட்டிலிருந்து மூக்குக் கண்ணாடி அணிந்த அம்மா ஒருவர் வந்தார். மருந்தாளுநர் அவர்தான் போலும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "இப்ப என்னம்மா போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்பதுதான். இந்த இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டுக் கடை எதிலும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அங்கே அலமாரி அலமாரியாக அடுக்கியிருப்பார்கள், நாமே எடுத்து, நாமே காசு கட்டி, நாமே வெளியேற வேண்டும்.

கைப்பையிலிருந்த டப்பாவை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவை முகத்தருகே கொண்டுபோய், சேர்மானப் பட்டியலை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். விரல் இரண்டு இடங்களில் நின்றது: லினலூல், லிமோனீன். முதலாவது லாவண்டர் எண்ணெயிலும் இரண்டாவது ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலும் இயல்பாகவே உள்ள மணப்பொருள்கள். டப்பாவைத் திறந்து திறந்து மூடும்போது இவை காற்றோடு கலந்து மாற்றமடைந்து, ஒவ்வாமை தரும் பொருள்களாகிவிடுகின்றன. இயற்கை என்று நம்பி இரண்டு ஆண்டுகளாக நான் பூசியதே முகத்தைப் புண்ணாக்கியிருக்கக்கூடும் என்பதை அவர் என்னைக் குற்றம் சொல்லாமல் சொல்லி முடித்தார்.

பிறகு குனிந்து, அடித்தட்டிலிருந்து எடுத்தது வெறும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை வாங்கி வாசலின் என்ற பெயரில் விற்ற அதே பழைய பொருள். விளம்பரமே தேவைப்படாததாலோ என்னவோ, தம்பியின் நினைவுக்கு வரவில்லை. அதில் தண்ணீர் இல்லை, ஆகவே கெட்டுப்போகாமல் காக்கும் இரசாயனங்களுக்கும் அவசியமில்லை, மணமும் இல்லை. தோலின் வெளிப்படலத்தில் செல்களுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்புப் பொருள், கொழுப்பு அமிலம், கொலஸ்டிரால் ஆகியவை சாந்துபோல நிரம்பியிருக்கின்றன. அந்தச் சாந்து உதிரும்போதுதான் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, வெளியிலுள்ள கண்ட பொருளும் உள்ளே போய் எரிகிறது. ஜெல்லி அந்த விரிசலின் மேல் மூடிபோல் நின்று, தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள நேரம் வாங்கித் தருகிறது.

ஜெல்லி தானாக ஈரத்தைக் கொடுக்காது என்பதை அவர் இருமுறை சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பு இல்லாமல் முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கைகளில் தேய்த்துச் சூடாக்கி முகத்தில் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. அமில-காரத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் சாதாரண சோப்பில் 9, 10 வரை போகும். தோலுக்கு ஏற்றது 5ஐ ஒட்டியது. நீர் கசிந்தாலோ, மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலோ, இமை வீங்கினாலோ ஜெல்லியை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போகச் சொன்னார். இனி எந்தப் புதுக் கிரீமையும் முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்க்கும்படியும், "மணமற்றது" என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் மணத்தை மறைக்க வேறொரு மணப்பொருள் சேர்ப்பது உண்டு என்பதால் பின்பக்கத்தைப் படிக்கும்படியும் சொன்னார்.

முதல் இரண்டு இரவுகள் முகம் எண்ணெய்ச் சட்டிபோல மினுங்கியது, தலையணை உறை பாழானது. ஐந்தாம் நாள் காலை முகம் கழுவியபோது எரியவில்லை என்பதையே சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். செதில் உதிர்வது நிற்க இன்னும் ஒரு வாரம் ஆனது. பழைய டப்பாவை அந்த அம்மாவின் மேசையிலேயே விட்டு வந்திருந்தேன்.

கடையை விட்டு இறங்கும்போது அந்தத் தம்பி பையை நீட்டினான். உள்ளே ஜெல்லியோடு அந்தத் தலைவலித் தைலமும் இருந்தது. "பிளைட்ல தலை வலிச்சா உதவுங்க்கா" என்றான். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் அதற்கும் காசு கொடுத்தேன்; திரும்பும் வழியில் விமானத்தில் தலை வலிக்கவும் செய்தது.