நீர் புகாத பூட்ஸ், வெளியேறாத வியர்வை

தில்லியில் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் காலை வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்தக் குளிருக்கென்று கரோல் பாகில் வாங்கிய, வெளிப்புறம் முழுவதும் ரப்பராலும் உட்புறம் செயற்கைக் கம்பளியாலும் ஆன பூட்ஸைப் பற்றியது இந்த மதிப்புரை. தையல் உறுதியாக இருக்கிறது, பனியில் நனைந்த நடைபாதையில் அடிப்பாகம் வழுக்குவதில்லை, விலையும் நியாயமானதே.

குறை கதகதப்பில்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது இதமாக இருக்கும் இந்த பூட்ஸ், மெட்ரோ நிலையத்துக்கு விரைந்து நடந்து, நெரிசலான பெட்டியில் நின்று, அலுவலகத்தில் போய் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே விரல்களைச் சில்லிட வைக்கிறது. வெளியிலிருந்து ஒரு துளி நீரும் உள்ளே வரவில்லை. ஈரம் முழுவதும் பாதத்தின் வியர்வை. கம்பளி தரும் வெப்பம் உண்மையில் அதன் இழைகளுக்கிடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்றால் வருவது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் அது, பாதத்தின் சூட்டை நேராகத் தரைக்கு அனுப்பிவிடுகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் வியர்வையும் ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியும் வெளியேற வழியின்றி, குளிர்ந்த ரப்பரின் உட்பக்கத்தில் நீராகி மீண்டும் கம்பளியிலேயே ஊறுகிறது.

இதற்கு ரப்பரை மட்டும் பழிப்பது சரியன்று. கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்ட ரப்பர் பூட்ஸில் கம்பளி இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே அடைக்கப்பட்டிருந்தது; கால் ஈரமானாலும் கம்பளி நனையாததால் சூடு நிலைத்தது. நான் வாங்கியதில் கம்பளி வியர்வைக்குத் திறந்தே கிடக்கிறது. அதைவிடப் பெரிய குறை, அதைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டிருப்பது. மூடுபனி நாட்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஓர் இரவில் அது உலர்வதில்லை. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஓரளவு உலர்கிறது. ஹீட்டரின் அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திக் காலுறைகளை இதனுடன் அணிய வேண்டாம். அவை நனைந்தபின் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் நனைந்த உணர்வைத் தராத ஆட்டுக் கம்பளிக் காலுறையே ஏற்றது. இரண்டு ஜோடிகளை அடுக்கி பூட்ஸை இறுக்கினால் காற்றுக்கு இடமிராது.

காலையில் சற்று நேரம் வெளியே நிற்பவர்களுக்கு இது போதும். நாள் முழுவதும் அணிபவர்கள், கம்பளி உறையைத் தனியே உருவி உலர்த்தக்கூடிய பூட்ஸையே கேட்டு வாங்கலாம். கடையிலேயே கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.