புஷ்கர்: கார்த்திகைப் பௌர்ணமிக்கா, தை மாதத்திலா?

பிரம்மா கோயிலும் 52 படித்துறைகள் சூழ்ந்த ஏரியும் உள்ள ராஜஸ்தானின் புஷ்கரில், கார்த்திகைப் பௌர்ணமி நீராடலுக்குத்தான் புண்ணியம் அதிகம் என்பது நம்பிக்கை. ஏகாதசி தொடங்கி ஐந்து நாளும் கூட்டம் அலைமோதும். ஒட்டகச் சந்தையும் அதையொட்டியே. அறை வாடகை எகிறிவிடும், முன்பதிவு கட்டாயம். அப்புறம், வடநாட்டு மாதக் கணக்கு வேறு. பல வருடங்களில் அந்தப் பௌர்ணமி நம் ஐப்பசியிலேயே வந்துவிடும். பஞ்சாங்கம் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

தை மாதத்தில் காலைக் குளிர் கடுமைதான். ஆனால் படித்துறையில் நிதானமாக உட்கார்ந்து சங்கல்பம் செய்யலாம். மலைமேல் இருக்கும் சாவித்திரி கோயிலுக்கு ரோப்காரில் போகலாம். வயதான பெற்றோரை அழைத்துப் போவதானால் நான் தையைத்தான் சொல்வேன். எப்போது போனாலும் ரயிலுக்கு அஜ்மீர்தான் வசதி. அங்கிருந்து நாக மலையைத் தாண்டினால் புஷ்கர்.