அப்பாவின் குடி, பிள்ளையின் மீட்பு: அல்-அனானா, ஏ.சி.ஏ.வா, தனி சிகிச்சையா?

குடிநோய் இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வயது நாற்பது ஆனாலும், இரவில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும். யாராவது குரலை உயர்த்தினால், தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்பார். இதற்கு உதவும் வழிகள் மூன்று: குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழு, குடிநோயாளிகளின் வளர்ந்த பிள்ளைகளுக்கான ஏ.சி.ஏ. குழு, தனி சிகிச்சை. எதை முதலில் எடுப்பது என்பது, குடித்த பெற்றோர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இன்னும் குடிக்கிறார், உங்கள் அன்றாடத்திலும் இருக்கிறார் என்றால் அல்-அனான்தான் முதலில். குடியை விட ஒருவருக்கொருவர் உதவும் ஏ.ஏ. குழுவின் உறுப்பினர்களுடைய மனைவியர் அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய அமைப்பு இது. கூட்டம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். கட்டணம் கிடையாது, விருப்பமிருந்தால் நன்கொடை. பெயரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்லமாட்டார்கள். ‘இந்தக் குடிக்கு நான் காரணமில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது’ என்பது அங்கே அடிப்படைப் பாடம். நடைமுறையில் இதற்கு அர்த்தம்: கட்டிங்குக்குக் காசு தருவதில்லை, ‘காய்ச்சல்’ என்று அவர் ஆபீசுக்குப் பொய் சொல்வதில்லை, போதையில் இருப்பவரிடம் வாக்குவாதம் இல்லை, பேச வேண்டியதை மறுநாள் காலையில் பேசுவது.

‘தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விற்கும் மருந்துகளையும் இங்கேயே ஒதுக்கிவிடுங்கள். குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் அதில் இருந்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவைத் திருத்தினால் நமக்குச் சரியாகிவிடும் என்ற கணக்கே பல பிள்ளைகளை இருபது வருடம் கட்டிப்போடுகிறது.

அல்-அனானின் குறை, நம் ஊர்க் கூட்டங்களில் பெரும்பாலும் மனைவிமார்கள் இருப்பது. ‘என் வீட்டுக்காரர்’ என்றே பேச்சு ஓடும்போது, கல்யாணமாகாத மகனோ மகளோ ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் ஆறு கூட்டமாவது போய்ப் பாருங்கள், முடிந்தால் வேறு வேறு குழுக்களில்.

அவர் இறந்துவிட்டார், குடியை நிறுத்திவிட்டார், அல்லது தொடர்பே இல்லை என்றால் ஏ.சி.ஏ. பொருந்தும். குடிநோயாளிகளின் வளர்ந்த பிள்ளைகளுக்கென்று 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் உருவானது. அல்-அனான் இன்றைய நடத்தையைப் பார்க்கிறது, ஏ.சி.ஏ. குழந்தைப் பருவத்துக்கே திரும்புகிறது. அதன் 14 குணங்களின் பட்டியலில் கோபக்காரர்களிடம் பயம், தனக்காகப் பேசினால் குற்றவுணர்வு, அடுத்தவர் பாரத்தைத் தானாகத் தூக்கிக்கொள்வது எல்லாம் வரும். தன்னைத் தானே பெற்றோர்போல் பராமரிக்கப் பழகுவது இதன் மையம். இணையக் கூட்டங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பெரிய சிக்கல் வேறு: அறையில் மருத்துவர் யாரும் இல்லை. அடி, பாலியல் துன்புறுத்தல் போன்ற நினைவுகளை அங்கே முதல்முறையாகக் கிளறினால் பல நாள் தூக்கம் போகும். கூட்டம் முடிந்த பின் பேச ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கொடுங்கனவு, திடீரென்று பழைய காட்சி கண்முன் ஓடுவது, உடல் விறைத்துப்போவது, சாகும் எண்ணம், இவற்றில் எது இருந்தாலும் குழுவுக்குக் காத்திருக்காமல் தனி சிகிச்சைக்குப் போங்கள். வழக்கமாக வாரம் ஒரு அமர்வு, 45 முதல் 60 நிமிடம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும் கொடுங்கனவு, பழைய காட்சி போன்ற அதிர்ச்சி அறிகுறிகளுக்கென்றே உள்ளவை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் கூச்சமே வேண்டாம். ‘குடிநோய்க் குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா’ என்பது அடுத்த கேள்வி. முதல் அமர்விலேயே ‘என்ன இருந்தாலும் அப்பா, மன்னிச்சிடுங்க’ என்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். காசு இடித்தால், மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், இலவசம், 24 மணி நேரமும்.

சிகிச்சை பிசகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சிகிச்சையாளரின் முகத்தையும் பார்க்கும். அவர் மனம் நோகக்கூடாதென்று ‘இப்ப பரவாயில்ல மேடம்’ என்று சொல்லிவிட்டு, நாலாவது அமர்வோடு நின்றுவிடும். அந்த வாரம் எத்தனை இரவு தூங்கினீர்கள், யாரிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியாமல் போனது என்று எழுதி எடுத்துப் போய் அப்படியே படித்துக்காட்டுங்கள். முகத்தைப் பார்த்து மழுப்ப இடமிருக்காது.

மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். முதலில் எடுத்தது இரண்டு, மூன்று மாதத்தில் நிலைத்த பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம். சிகிச்சையோடு ஒரு குழு என்பதே பலருக்கு நீடிக்கிற கூட்டணி. ஒரு விதிவிலக்கு: நீங்களே குடிப்பவராக இருந்தால் அதுதான் முதல் வேலை. குடிப்பழக்கத்தின் அளவைக் கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளில் பத்துக் கேள்விகள். மொத்தம் 40-க்கு எட்டோ அதற்கு மேலோ வந்தால் முதலில் குடிநோய் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தினமும் குடிப்பவர் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.