டஸ்கனியில் காரா, ரயிலா?

இத்தாலியின் டஸ்கனிக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கேட்டால், ராத்திரி எங்கே தங்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஃபுளோரன்ஸில் அறை எடுத்து பீசா, லூக்கா, சியெனா பார்ப்பதுதான் திட்டமென்றால் கார் வேண்டவே வேண்டாம். பியென்சா, மொந்தெபுல்ச்சானோ பக்கம் தோட்டத்து வீடு ஒன்றில் தங்குவதாக இருந்தால், கார் இல்லாமல் கால் ஒடிந்த மாதிரிதான்.

ஃபுளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லூக்கா இன்னும் கொஞ்சம் கூட. உள்ளூர் ரயில்களுக்கு முன்பதிவு கிடையாது, கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் அதே விலை. காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறுமுன் நிலையத்து மெஷினில் முத்திரை குத்திவிட வேண்டும். இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் தீட்டிவிடுவார். சியெனாவுக்கு மட்டும் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். அங்கே ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது, எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி ஊருக்குள் போக வேண்டும். விரைவுப் பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே பழைய நகரத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடும்.

கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே இல்லை; போஜிபோன்சியில் இறங்கி பஸ் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் பஸ்கள் அரிது, ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். சியெனாவிலிருந்து அங்குள்ள பியென்சா சுமார் 50 கிலோமீட்டர்தான். காரில் ஒரு மணி நேரம், வழியில் பிடித்த இடத்திலெல்லாம் நிறுத்தலாம். அந்தச் சுகத்தை எந்த ரயிலும் தராது.

ஆனால் கார் எடுத்தவரின் தூக்கத்தைக் கெடுக்கும் மூன்றெழுத்து ஒன்று உண்டு: இஸட்.டி.எல். பழைய நகரப் பகுதிகளில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக்கூடாது என்ற விதி. தடுப்புக் கட்டை கிடையாது, போலீஸ்காரர் கிடையாது. வெள்ளைப் பலகையில் ஒரு சிவப்பு வட்டம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். வழிகாட்டிச் செயலி சொல்கிறதே என்று பின்னால் வரும் ஹாரனுக்குப் பயந்து உள்ளே திரும்பினால் முடிந்தது கதை. வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கே தனிக் கட்டணம் பிடிக்கும். அபராதச் சீட்டு பிறகு வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப போலீசுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், வண்டி எண்ணை அவர்கள் பதிவு செய்து தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கில், இரண்டு பேருக்கு ரயில்தான் மலிவு. நான்கு பேர், பெட்டிகள், வயதான அம்மா அப்பா என்றால் தராசு கார் பக்கம் சாயும். நாள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: பெட்ரோல், பார்க்கிங், ஏ1 நெடுஞ்சாலைச் சுங்கம் எல்லாம் சேரும். (ஃபுளோரன்ஸ்–சியெனா சாலைக்குச் சுங்கம் இல்லை.) ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பே பதிய வேண்டும், விலையும் கூடுதல். நம் ஊரில் இடது கையால் கியர் போட்டுப் பழகியவர்கள் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

காகித வேலையும் காருக்கு மட்டுமே. ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதோடு நம் அசல் லைசென்ஸ், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு. டெபிட் கார்டைப் பல கவுன்ட்டர்களில் ஏற்பதில்லை. வாடகையில் அடங்கிய காப்பீட்டில் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ சேதம் பெரும்பாலும் நம் தலையில்தான். டயர், கண்ணாடி அதிலும் சேராமல் போகலாம். கவுன்ட்டரில் விற்கும் முழுக் காப்பீடு விலை அதிகம், ஆனால் கீறல் விழுந்தால் பேச்சே இல்லை. வெளியே வாங்கும் காப்பீடு மலிவு. முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு ரசீதோடு அலைய வேண்டும்.

இரண்டையும் கலப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஃபுளோரன்ஸ் முடியும்வரை காரைத் தொடாதீர்கள். கிளம்பும் நாளில் டிராமில் பெரெத்தோலா விமான நிலையம் போய் வண்டியை எடுங்கள். நகரத்துக்குள் நுழையாமலே சியெனா சாலையைப் பிடித்துவிடலாம். திரும்பும்போதும் அங்கேயே விட்டுவிட்டு, டிராமில் வந்து ரோம் ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் ரோமின் பெரிய நிலையமான தெர்மினி.