லூன் பலூன் இணையம்: பறந்தது, ஆனால் நிலைக்கவில்லை

"பெரிய கம்பெனியே பணத்தைக் கொட்டியிருக்கிறது, ஓடாமலா போய்விடும்?" என்று கேட்பவர்கள், வானில் பலூன்களை மிதக்கவிட்டு இணையம் தந்த லூன் சேவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2013இல் கூகுள் நியூசிலாந்தில் சோதித்தது. 2018இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கீழ் தனி நிறுவனமானது. 2019இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் தரப்பு 12.5 கோடி டாலர் போட்டது. 2020 ஜூலையில் டெல்காம் கென்யா என்ற தொலைபேசி நிறுவனத்தோடு வணிகச் சேவை தொடங்கி, 2021 ஜனவரியிலேயே மூடுவிழா அறிவிப்பு வந்துவிட்டது.

பொறியியல் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. டென்னிஸ் மைதான அளவு பாலிஎத்திலீன் பலூன், சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில். உள்பையில் காற்றை அடைத்தால் எடை கூடி இறங்கும், வெளியே விட்டால் ஏறும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். வேண்டிய பக்கம் வீசும் அடுக்கைப் பிடித்துப் போவதுதான் ஓட்டும் முறை. ஒரு பலூன் 312 நாள் மேலேயே இருந்தது. கென்யச் சோதனையில் சாதாரண 4ஜி போனுக்கே நொடிக்கு 18.9 மெகாபிட் கிடைத்தது.

உதைத்தது கணக்கு. செல்போன் கோபுரத்தை ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். பலூன் விலகிப்போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வர வேண்டும். கென்யாவில் 50,000 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 35 பலூன்கள். ஏவியதோ அமெரிக்காவின் நெவாடாவிலும் கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவிலும். உறையில் நுண்ணிய கசிவு விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்று கடல் தாண்டி வர வேண்டும். இந்தச் செலவை யார் திருப்பித் தருவது? கோபுரம் எட்டாத ஊரில் ஆளும் குறைவு, காசும் குறைவு, 4ஜி போனும் குறைவு. செலவைப் போதிய அளவு குறைக்க வழி கிடைக்கவில்லை என்று நிறுவனமே சொன்னது.

அலைக்கற்றையும் பணத்துக்கு வளையவில்லை. முழுத் தீவுக்கும் சேவை என்று 2015இல் இலங்கை ஒப்பந்தம் போட்டது. 2016 பிப்ரவரியில் வந்த சோதனைப் பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அலைவரிசை ஒதுக்கீடு இழுபட, திட்டம் அதற்கு மேல் நகரவில்லை.

எனவே அடுத்த பெரிய அறிவிப்பில் முதலீட்டுத் தொகையைக் கடைசியாகப் படியுங்கள். ஒரு கருவியின் ஆயுள் எத்தனை நாள், மாற்றுச் செலவு எவ்வளவு, உரிமம் கைக்கு வந்துவிட்டதா, மாதக் கட்டணம் கட்டப்போவது யார் என்பவற்றை முதலில் தேடுங்கள். பதில் இல்லையென்றால், அந்தப் பணம் "பறக்குமா" என்று பார்ப்பதற்குத்தான்.

லூனில் உருப்படியாக மிஞ்சியது, லேசர் ஒளியில் தகவல் அனுப்பும் இணைப்பு. பலூனுக்குப் பலூன் பேச உருவாக்கியதைத் தாரா என்ற பெயரில் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 2021இல் அது ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றின் மேலாக, எதிரெதிர்க் கரைகளில் உள்ள பிரஸ்ஸாவில், கின்ஷாசா நகரங்களை இணைத்தது. கரைக்குக் கரை 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.