நொண்டும் குதிரைக்கு மணலா, ரப்பர் பாயா?

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம், வயலை ஒட்டி முப்பது சென்ட் கொல்லை எங்களுடையது. அதில் இரண்டு குதிரைகள். இரண்டும் ஊர்வல வண்டி இழுத்து, கால் போனதும் கைவிடப்பட்டவை. செவலைக்கு முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்குள் அழற்சி. வெள்ளைக்கு முட்டித் தேய்மானம். லாயத்துத் தரைக்கு மணல், ரப்பர் பாய் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இப்போது இருப்பது மணல்.

வெறும் சிமெண்ட் தரை வேண்டவே வேண்டாம். வைக்கோல் சம்பா அறுப்பு முடிந்தால் மலிவுதான். ஆனால் குதிரை படுக்கையையே தின்னும், அது குடலில் அடைத்துக்கொள்ளும். மழையில் பூஞ்சை வேறு.

பாயில் முதல் வேலை சுலபம். மாட்டுப் பண்ணைக்கு விற்கும் 4க்கு 6 அடிப் பாய் ஆறு வாங்கினால் 12க்கு 12 அடி லாயம் முடிந்தது. மணல் அப்படியில்லை. அதே இடத்தில் எட்டு அங்குலம் நிரப்ப ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி வேண்டும். காவிரிக்கரையில் இருந்துகொண்டே மணலுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்டார்கள். சவுடு மண் மலிவு, ஆனால் முதல் மழையிலேயே சேறாகிவிடும்.

சுகம் என்று பார்த்தால் செவலைக்கு மணல்தான். கெட்டித் தரையில் பாரம் முழுவதும் குளம்பின் ஓரச் சுவரில் இறங்கும், வலிப்பதும் அங்கேதான். மணலில் அடிப்பாதமும் சேர்ந்து தாங்கும். குதிரையே தோண்டி, நுனி இறங்கும்படி தனக்குத் தோதாக நின்றுகொள்ளும். பாயில் படுக்க யோசித்த செவலை, மணல் போட்ட மூன்றாம் நாள் மதியம் காலை நீட்டிப் படுத்தது. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ஐப்பசி, கார்த்திகை மழைதான். நம் டெல்டா களிமண்ணில் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓரம் எல்லாம் ஈரம். பாயின் மேல் மூத்திரம் நிற்கும், இடுக்கு வழியாக அடியிலும் போகும். ஒருவர் புரட்டத் திணறும் கனம் என்பதால் அதைத் தினம் தூக்கிக் கழுவ ஆகாது. நாலு நாள் விட்டால் கண் எரியும் நெடி. ஈரத்தில் ஊறிய குளம்பு மெத்துப்போய், நடுவில் இருக்கும் முக்கோண மெத்தைப் பகுதி கறுத்து அழுகி நாறும். வெடிப்பில் சேறு ஏறினால் உள்ளே சீழ் கட்டும். ஏற்கெனவே நொண்டுகிற குதிரைக்கு அது தாங்காது. குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. கெட்டது மேலிருந்து நுனி வரை புதுசாக இறங்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

மணலுக்குத் தரையை வயலைவிட இரண்டடி உயர்த்தி, செங்கல் ஜல்லி பரப்பி, மேலே மணல் கொட்டினேன். காலையில் சாணியை அள்ளி, ஈரமான இடத்தை மட்டும் மண்வெட்டியால் வாரித் தென்னைக்குப் போடுவேன். தார்ப்பாய் மூடி வைத்த காய்ந்த மணலில் இரண்டு கூடை கொட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். அடைமழை நாளிலும் இது தவறியதில்லை.

பாயை நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தரையைச் சரிவாகக் கட்டியிருந்தால் அது இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். தசைநார் கிழிந்த குதிரைக்கு ஆழமான மணல் கூடாது, காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டியிருக்கும். வெள்ளைக்கே நாலு அங்குலத்துக்கு மேல் போடவில்லை. எந்தக் கால், என்ன நோவு என்று கால்நடை மருத்துவரிடம் காட்டியபின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மணலில் இன்னொரு ஆபத்து, தீனியோடு அதையும் விழுங்குவது. வயிற்றில் சேர்ந்தால் கொடிய வலி வரும். வாரம் ஒருமுறை சாணியைப் பாட்டில் தண்ணீரில் கரைத்து, அடியில் மணல் படிகிறதா என்று பார்க்கிறேன். அருகம்புல்லையும் கொள்ளையும் தரையில் போடுவதே இல்லை. கழற்றிய பாய்களில் இரண்டு இப்போது தீனித் தொட்டிக்கு அடியில் கிடக்கின்றன.