நிழல் வளவுக்கென்று விற்கப்படும் தோட்டப் பொதி: வாங்கும் முன் வாசியுங்கள்

மரநிழல் உள்ள வளவுகளுக்கென்றே தயாரித்த வீட்டுத்தோட்டப் பொதி (நாற்று, மண்கலவைப் பை, நிழல் வலை) என்று சொல்லிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கத்தில் வீடு வீடாக வந்த ஒரு தரப்பினரிடம் எங்கள் குடும்பம் ரூபா 68,000 கொடுத்து ஏமாந்திருக்கிறது. இந்தக் காலபோகத்துக்கு (மாரிமழைக் காலப் பயிர்ச்செய்கைக்கு) முன்னர் அதே ஆட்கள் புதுக்குடியிருப்பிலும் ஒட்டுசுட்டானிலும் முற்பணம் வாங்கித் திரிவதாக உறவினர்கள் சொல்வதால் இதை எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் முடிவுக்கு வராத நிலையில் அவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரை அவர்கள் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அவர்கள் விற்கும் விதத்தைத் தெரிந்து வைத்திருப்பதே உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

எங்கள் வளவின் தெற்கு எல்லையில் இரண்டு முதிய மாமரங்கள் நிற்கின்றன. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மாமரங்கள் மட்டும் நின்றன. ஆகவே அவற்றைத் தறிப்பது என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. அம்மரங்களுக்கும் குசினிக்கும் இடைப்பட்ட நிலத்தில் காலை வெயில் நன்றாக விழும், பத்து மணிக்குப் பின் இலைகளுக்கூடாகப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். வந்த இருவரிடமும் இதைத் தெளிவாகச் சொன்னேன். ஒருவர் அளவு நாடாவால் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், மற்றவர் கைபேசியில் படம் எடுத்தார், ஆனால் இருவரில் ஒருவராவது தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்க்கவில்லை. “அம்மா, இது நிழலுக்கெண்டே எடுத்த இனம், கடும் வெயில் பட்டால்தான் பழுதாகும்” என்றார் அளந்தவர். தக்காளி, கத்தரி, கறிமிளகாய் மூன்றும் மூன்று மாதத்தில் காய்க்கும் என்றும், காய்க்காவிட்டால் பணம் திரும்பும் என்றும் சொன்னார்கள். கனடாவில் உள்ள என் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அழகான படங்களை அனுப்பி, பாதிப் பணத்தை அவரிடமே முற்பணமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தப் படங்களில் இருந்தவை மலைநாட்டுப் பொலித்தீன் கூடாரங்கள் என்பதைப் பின்னர்தான் விவசாயப் போதனாசிரியர் சுட்டிக்காட்டினார்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றங்காய், பாகல் ஆகியவை பூத்துக் காய்ப்பவை என்பதால், அவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சம் குறையும்போது செடி அதைத் தேடி உயர்ந்து, கணுக்களுக்கிடையே நீண்டு, தண்டு மெலிந்து சாயும். பூ வந்தாலும் பெரும்பாலும் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். இதை மாற்றும் இனம் எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. இனத்தின் பெயரைக் கேட்டபோது “கொம்பனி இரகசியம்” என்று பதில் வந்தது. நேர்மையாக விற்பவருக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ தக்காளியையும் ‘திருநெல்வேலி ஊதா’ கத்தரியையும் பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறோம், பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள்.

பொதியில் அதிக விலை போடப்பட்டிருந்தது நிழல் வலைக்குத்தான், அதுவும் 75 சதவீத வலை. அந்த வலை தன்மேல் விழும் ஒளியில் காற்பங்கை மட்டுமே கீழே விடும். மாமரம் ஏற்கெனவே பாதியைத் தடுத்துவிட்ட இடத்தில் அதைக் கட்டினால், பாத்திக்கு வந்து சேர்வது எட்டில் ஒரு பங்குதான். சோளகக் காற்றும் வறட்சியும் வாட்டும் ஆனி, ஆடி மாதங்களில், மரமே இல்லாத வெட்டை நிலத்தில் நாற்றுகளைக் காக்க மெல்லிய வலை கட்டுவதில் நியாயம் உண்டு. மரத்துக்குக் கீழே வலை கட்டச் சொல்பவர் தோட்டத்தை நினைத்துச் சொல்லவில்லை, வலையை விற்பதற்காகச் சொல்கிறார்.

அவர்கள் வந்த மாதத்தையும் கவனியுங்கள். வந்தது ஓகஸ்ட் இறுதியில். வன்னியில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஆண்டில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் நாட்களையொட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும். அந்நாட்களில் நண்பகல் நிழல் மரத்தின் அடியிலேயே கிடப்பதால் எந்த வளவும் வெளிச்சமாகத் தெரியும். அதன்பின் சூரியன் தெற்கே சரியச் சரிய நிழல் வடக்கே நீள்கிறது. மார்கழியில், 20 அடி உயரமான மரம் ஒன்றின் நிழல் நண்பகலிலேயே ஏறத்தாழ 13 அடிக்கு வடக்கே விழும். காலபோகப் பயிர் வளர்வது சரியாக அந்த மாதங்களில்தான், போதாததற்கு வடகீழ்ப் பருவ மழை முகிலும் மூடியிருக்கும். மரமோ சுவரோ உங்கள் பாத்திக்குத் தெற்கே இருந்தால், ஆவணியில் பார்த்த வெயிலை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பெரிய கேட்டைச் செய்தவை மண்கலவைப் பைகளும் நாற்றுகளும்தான். பையின் வாயை அவிழ்த்தபோது மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுத்த, நல்ல மணமுள்ள கூட்டெரு இருந்தது. ஒரு பையைப் பக்கவாட்டில் கிழித்த பிறகுதான், அதற்குக் கீழே அடிவரை வெறும் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) அடைத்திருப்பது தெரிந்தது. கழுவிப் பதப்படுத்தாத தும்புச்சோற்றில் உப்பு இருக்கும், அது உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். நாற்றுகளின் இலை ஓரங்கள் கருகியதற்கு அதுவே காரணம்.

கருகாமல் தப்பிய தக்காளிச் செடிகள் பகலில் தலை தொங்கி, மாலையில் நிமிர்ந்து, பின்னர் ஒரு நாள் பச்சை இலைகளுடனேயே அப்படியே சரிந்தன. போதனாசிரியர் ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடித்தார். சிறிது நேரத்தில் வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெண்மையான இழை ஒன்று புகையாக இறங்கத் தொடங்கியது. பற்றீரியா வாடல் நோய்க்கு இது அடையாளம். இந்தப் பரிசோதனையை எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இந்த நோய்க்கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழக் கூடியது. இனி நீண்ட காலத்துக்கு அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் நட முடியாது. முன்பு அந்த நிலத்தில் இப்படிப்பட்ட வாடலை நாங்கள் கண்டதில்லை. கொடுத்த பணத்தை விட இந்த நட்டமே பெரிது.

முறையிட்டபோது, தண்ணீர் கூடிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். பிறகு “மாமரத்தை வெட்டினால்தான் காய்க்கும்” என்றார்கள். நிழலுக்கென்றே எடுத்த இனத்தை விற்ற அதே வாய்! அதற்குப் பிறகு தொலைபேசி வேலை செய்யவில்லை. தந்த துண்டில் முகவரியும் இல்லை, பொருட்களின் விபரமும் இல்லை, மொத்தத் தொகை மட்டும் இருந்தது.

நிழல் வளவில் ஒன்றும் விளையாது என்று இதைக் கொண்டு முடிவு செய்துவிட வேண்டாம். மூன்று, நான்கு மணித்தியால வெயில் உள்ள இடத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, பசளி, கங்குன், புதினா ஆகியவை செழித்து வரும். இஞ்சி, மஞ்சள், சேம்பு, கரணை ஆகியவை பகுதி நிழலை விரும்புபவை. மாமரத்தின் வேர்கள் நீரையும் பசளையையும் பறித்துக்கொள்ளும் என்பதால் தண்டை விட்டுத் தள்ளி உயர்பாத்தி போடுவதும், தாழ்ந்த கிளைகளைக் கவாத்துப் பண்ணுவதும் நல்லது. ஈர நிழலில் நத்தை பெருகும், இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கத்தான் வேண்டும். இதற்கான விதைத்தண்டும் கிழங்கும் பெரும்பாலும் அயல் வீட்டிலேயே கிடைக்கும், அல்லது சந்தையில் சில நூறு ரூபாவுக்கு வாங்கலாம். 68,000 ரூபாவுக்கான செலவு இதில் எங்கேயும் இல்லை.

இத்தகைய பொதிக்கு ஏற்கெனவே முற்பணம் கொடுத்தவர்கள், மீதியைக் கொடுக்க முன்னர் ஒவ்வொரு பையையும் அடிவரை கொட்டிப் பாருங்கள், நாற்றை மண்ணில் வைக்க முன்னர் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவரைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்து அறியலாம். திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன விலை என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்காகப் பணம் அனுப்புபவர்கள், பொருள் வந்து இறங்கி, வீட்டில் உள்ளவர் பார்த்துச் சொன்ன பின்னரே அனுப்புங்கள். எங்கள் பொதியில் வந்த நிழல் வலை இன்னும் சுருள் குலையாமல் இருக்கிறது, வெட்டை நிலத்தில் நாற்றுமேடை போடும் எவரும் வந்து எடுத்துச் செல்லலாம். மண் பைகளை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.